நாட்டோவே மாளிகை எரிந்தபோது சிலர் ஏன் அழுதார்கள், சிலர் ஏன் கொண்டாடினார்கள்?

2025 மே 15, வியாழக்கிழமை மதியம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், ஒயிட் காசில் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் நின்ற நாட்டோவே மாளிகையின் தெற்குப் பகுதியில் தீப்பிடித்தது. சுற்றுவட்டாரத் தீயணைப்பு வண்டிகள் எல்லாம் வந்தும், இரவுக்குள் 64 அறைகள் கொண்ட பிரதான கட்டடம் முழுவதும் போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை.

அடுத்த நாளே சமூக ஊடகங்கள் இரண்டாகப் பிரிந்தன. "எங்கள் கல்யாணம் நடந்த இடம் போய்விட்டதே" என்று ஒரு பக்கம் கண்ணீர். இன்னொரு பக்கம், பெரும்பாலும் கறுப்பின அமெரிக்கர்கள், எரியும் வீட்டின் முன்னால் சிரித்தபடி படம் எடுத்துப் போட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது குழப்பம்தான். 166 வருடப் பழைய கட்டடம் எரிந்தால் யாராவது சந்தோஷப்படுவார்களா? இவ்வளவு கோபம் ஒரு வீட்டின் மேல் எப்படி வரும்?

அந்த வீடு எதற்காக, எந்தப் பணத்தில், யார் கையால் கட்டப்பட்டது என்று அடியிலிருந்து பார்த்தால் இரண்டு தரப்பும் எதைப் பார்த்தன என்பது விளங்கும்.

## முதலில் மூன்று சொற்கள்

ஆன்டிபெல்லம். லத்தீனில் "ஆன்டே" என்றால் முன், "பெல்லும்" என்றால் போர். இங்கே போர் என்பது 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர். அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளைத்தான் ஆன்டிபெல்லம் காலம் என்கிறார்கள். வெள்ளைத் தூண் வைத்த வீடுகளின் கட்டடப் பாணிக்கு இதுதான் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். பாணிக்கான பெயர் இது இல்லை, காலத்துக்கான பெயர். அந்தக் காலத்துத் தென்மாநிலங்களில் மண் பூசிய ஒற்றை அறைக் குடிசையும் ஆன்டிபெல்லம் வீடுதான். அதில் மிஞ்சியவை குறைவு, அவ்வளவுதான்.

பிளான்டேஷன். தோட்டம் என்று சொன்னால் தேயிலைத் தோட்டம் நினைவுக்கு வரும். அளவிலும் அமைப்பிலும் கொஞ்சம் ஒற்றுமை உண்டு. ஆனால் போருக்கு முந்தைய லூசியானாவில் இந்தச் சொல்லுக்குள் அடிமை முறை அடக்கம். வேலை செய்தவர்கள் சட்டப்படி முதலாளியின் சொத்து. விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம்.

பாரிஷ். மற்ற அமெரிக்க மாநிலங்களில் கவுன்ட்டி என்பதை லூசியானாவில் பாரிஷ் என்பார்கள். நாட்டோவே இருப்பது ஐபர்வில் பாரிஷில்.

## பணம் எங்கிருந்து வந்தது?

மாளிகையைக் கட்டியவர் ஜான் ஹாம்ப்டன் ரான்டால்ஃப். வர்ஜீனியாவில் 1813ல் பிறந்தவர். மிசிசிப்பி மாநிலத்தில் வளர்ந்து, எமிலி ஜேன் லிடெல் என்ற பெண்ணை மணந்தார். பிள்ளைகள் பதினொரு பேர். 1840களின் தொடக்கத்தில் லூசியானாவுக்கு வந்து ஃபாரஸ்ட் ஹோம் என்ற பருத்திப் பண்ணையை வாங்கினார். இரண்டே வருடத்தில் பருத்தியை விட்டுக் கரும்புக்கு மாறினார்.

ஏன் மாறினார் என்பதில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. 1837ன் நிதி நெருக்கடிக்குப் பிறகு பருத்தி விலை விழுந்து கிடந்தது. 1842ல் அமெரிக்க அரசு வெளிநாட்டுச் சர்க்கரை மீதான சுங்க வரியை உயர்த்தியது. கியூபா சர்க்கரையோடு போட்டி போட முடியாமல் இருந்த லூசியானாக்காரர்களுக்கு உள்நாட்டுச் சந்தை திறந்துவிட்டது.

ஆனால் லூசியானா கரும்புக்கு ஏற்ற ஊர் இல்லை. வெப்பமண்டலத்தில் கரும்பு பன்னிரண்டு, பதினெட்டு மாதம் நின்று விளையும். லூசியானாவில் நவம்பர், டிசம்பரில் உறைபனி விழும். பனி விழுந்த கரும்பில் சாறு கெட்டுவிடும். அதனால் முடிந்தவரை வளரவிட்டு, அக்டோபர் நடுவில் வெட்டத் தொடங்கி, கிறிஸ்துமஸுக்குள் மொத்த வயலையும் வெட்டி, ஆட்டி, காய்ச்சி முடித்தாக வேண்டும். வெட்டிய கரும்பை ஓரிரு நாளுக்கு மேல் போட்டு வைக்கவும் முடியாது. இந்த இரண்டரை மாதமும் ஆலை இரவு பகலாக ஓடும். ஒருவர் 16, 18 மணி நேரம் நிற்பது சாதாரணம். தூக்கக் கலக்கத்தில் கை உருளையில் சிக்கும். கொதிக்கும் பாகை ஒரு கொப்பரையிலிருந்து அடுத்த கொப்பரைக்கு நீண்ட அகப்பையால் மாற்றும்போது மேலே கொட்டும்.

இப்படி ஒரு வேலைக்கு யாரும் விரும்பி வர மாட்டார்கள். வாங்கிக் கொண்டுவரப்பட்ட மனிதர்களே வேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை அமெரிக்கா 1808லேயே தடை செய்துவிட்டது. அதற்குப் பதிலாக உள்நாட்டு வியாபாரம் பெருகியது. வர்ஜீனியா, மேரிலாந்து பக்கத்திலிருந்து சுமார் பத்து லட்சம் பேர் தெற்கே, மேற்கே நகர்த்தப்பட்டார்கள். நியூ ஆர்லியன்ஸ் நாட்டிலேயே பெரிய அடிமைச் சந்தை ஆனது. கரும்புத் தோட்டக்காரர்கள் தேடி வாங்கியது பெரும்பாலும் இளம் ஆண்களை. கரும்பு வட்டாரத்தில் பிறப்பைவிட இறப்பு அதிகம். "ஆற்றின் கீழே விற்றுவிடுவேன்" என்பது வடக்கே இருந்த எஜமானர்கள் அடிமைகளை மிரட்டச் சொன்ன வார்த்தை. அந்தக் கீழே என்பதில் இந்த இடமும் அடக்கம்.

ரான்டால்ஃப் ஐபர்வில் பாரிஷின் முதல் நீராவிச் சர்க்கரை ஆலையை அமைத்தார். வருமானம் பெருகியது. 1860 வாக்கில் 6,000 ஏக்கருக்கு மேல் நிலமும், சட்டப்படி அவருடைய உடைமையாக 155 மனிதர்களும் இருந்தார்கள்.

அந்த மனிதர்கள் உழைப்பு மட்டும் தரவில்லை. கடனுக்கு ஈடாகவும் இருந்தார்கள். லூசியானாவில் 1827ல் தொடங்கிய தோட்டக்காரர்கள் வங்கியில் நிலத்தையும் அடிமைகளையும் அடமானம் வைத்துக் கடன் பெற முடிந்தது. அந்த அடமானத்தின் பேரில் வெளியிட்ட பத்திரங்களை ஐரோப்பிய முதலீட்டாளர்கள் வாங்கினார்கள். ஒரு குழந்தை பிறந்தால் கணக்கேட்டில் சொத்து ஒரு வரி கூடும். நாட்டோவே மாதிரி மாளிகைகளுக்குப் பின்னால் இருந்த பணம் இப்படிப்பட்டது.

## நீளவாக்கில் வெட்டிய நிலம்

பேட்டன் ரூஜிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை ஆற்றோரம் போகும் சாலையை ரிவர் ரோடு என்பார்கள். இந்தப் பகுதியை மேலிருந்து பார்த்தால், நிலங்கள் ஆற்றிலிருந்து கிளம்பும் நீண்ட, ஒடுங்கிய பட்டைகளாகத் தெரியும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்து ஏற்பாடு இது. சரக்கு போக ஆறு ஒன்றே வழி என்பதால் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் ஆற்றங்கரை கிடைக்கும்படி பிரித்தார்கள்.

ஒரு பட்டைக்குள் வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும். ஆற்றங்கரையில் வெள்ளத்தடுப்புக் கரையும் படகுத்துறையும். அடுத்து ஓக் மரங்களுக்கு நடுவே ஆற்றைப் பார்த்தபடி பெரிய வீடு. அதன் பின்னால் சமையல்கட்டு, தொழுவம், பட்டறை. அதற்கும் பின்னால் வரிசை வரிசையாக அடிமைக் குடில்கள். பிறகு ஆலை, கரும்பு வயல், கடைசியில் சைப்ரஸ் மரங்கள் நிற்கும் சதுப்பு நிலம்.

வண்டல் கொண்டுவரும் ஆற்றங்கரைதான் இங்கே மேட்டு நிலம். பின்னால் போகப் போகத் தாழும், ஈரம் கூடும், கொசு கூடும். வீடு மேட்டில் நின்றது. குடில்கள் எந்த மட்டத்தில் நின்றன என்று சொல்ல வேண்டியதில்லை.

## வீட்டைக் கட்டியது யார்?

வரைபடம் ஹென்றி ஹோவர்டுடையது. அயர்லாந்தின் கார்க் நகரில் 1818ல் பிறந்து நியூ ஆர்லியன்ஸில் பெயர் எடுத்த கட்டடக் கலைஞர் அவர். நாட்டோவேக்குப் பக்கத்திலேயே, ஜான் ஆன்ட்ரூஸ் என்ற இன்னொரு சர்க்கரைத் தோட்டக்காரருக்காக பெல் குரோவ் என்ற மாளிகையை 1857ல் முடித்துக் கொடுத்தவரும் அவரே. அது நாட்டோவேயைவிடப் பெரியது. பக்கத்துத் தோட்டக்காரரை மிஞ்ச வேண்டும் என்ற ஆசையும் நாட்டோவேயின் அளவுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பெல் குரோவ் பராமரிப்பில்லாமல் சிதைந்து 1952ல் எரிந்துபோனது. போருக்கு முந்தைய மாளிகைகளில் மிஞ்சியதிலேயே பெரியது என்ற பெயர் அதன் பிறகுதான் நாட்டோவேக்கு வந்தது.

ஹோவர்டின் பெயர் எல்லாக் கையேட்டிலும் இருக்கும். மற்ற கைகளைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

மரம் அந்தத் தோட்டத்துச் சதுப்பிலேயே வெட்டிய சைப்ரஸ். வெட்டிய மரத்தைத் தண்ணீரில் ஆறு வருடம் ஊறப்போட்டு, பிறகு எடுத்து அறுத்துக் காயவைத்தார்கள். கறையானும் ஈரமும் இந்த மரத்தை அவ்வளவு சீக்கிரம் தொடாது. இடுப்பளவு சதுப்பு நீரில் நின்று அந்த ராட்சத மரங்களைச் சாய்த்து இழுத்து வருவது எப்படிப்பட்ட வேலை என்று நினைத்துப் பாருங்கள். செங்கல்லும் வெளியிலிருந்து வரவில்லை. ஆற்று மண்ணை மிதித்துப் பிசைந்து, மரச்சட்டத்தில் அடித்து, அங்கேயே சூளை போட்டுச் சுட்டவர்கள் அடிமைப்படுத்தப்பட்டவர்கள். கூலிக்கு வந்த தச்சர்கள், கொத்தனார்கள், குழாய் வேலைக்காரர்கள் சுமார் 40 பேர் கட்டுமிடத்தில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அவர்களுக்குச் சம்பளம் உண்டு. மரத்தையும் செங்கல்லையும் உண்டாக்கியவர்களுக்குக் கிடையாது. வீட்டுக்கு ஆன செலவு சுமார் 80,000 டாலர் என்று சொல்வார்கள். சம்பளமில்லாத அந்த உழைப்புக்கு எந்தக் கணக்கிலும் விலை போட்டிருக்க முடியாது.

கரோலைனா கடற்கரையின் சார்ல்ஸ்டன் நகரில் பழைய கட்டடச் சுவர்களை உற்றுப் பார்த்தால் சில செங்கற்களில் விரல் பதிந்த குழிகள் தெரியும். ஈரமாக இருக்கும்போது சட்டத்திலிருந்து எடுத்து வெயிலில் வைத்தவர்களின் விரல்கள் அவை. சில குழிகள் மிகச் சின்னவை, குழந்தைகளுடையவை. அங்கே வழிகாட்டிகள் இப்போது அதைத் தொட்டுக் காட்டுகிறார்கள். கையால் செங்கல் செய்த காலத்து வீடுகளில் எழுதத் தெரியாதவர்களின், எழுதக் கூடாது என்று சட்டம் போடப்பட்டவர்களின் கையெழுத்து இப்படித்தான் மிஞ்சியிருக்கிறது.

## வீடு எப்படி இருந்தது?

1859ல் வேலை முடிந்தது. சுமார் 53,000 சதுர அடி. 165 கதவு, 200 ஜன்னல். கூட்டினால் 365, வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. வழிகாட்டிகள் ஆசையாகச் சொன்ன கணக்கு இது. ரான்டால்ஃப் பிறந்த மாநிலமான வர்ஜீனியாவின் நாட்டோவே கவுன்ட்டியிலிருந்து வீட்டுக்குப் பெயர் வந்தது.

கட்டடப் பாணி இரண்டின் கலவை.

1. கிரேக்க மறுமலர்ச்சிப் பாணி. உயரமான தூண்கள், அவற்றுக்கு மேல் கனமான கிடைப்பட்டை, கோயில் முகப்புபோல் ஒரு கம்பீரம். 1820கள் முதல் அமெரிக்கா முழுக்கவே வங்கி, நீதிமன்றம், சர்ச், வீடு என்று எல்லாவற்றையும் இப்படிக் கட்டினார்கள். ஜனநாயகம் பிறந்த ஏதென்ஸ் நகரத்தோடு தங்களை இணைத்துப் பார்ப்பதில் அவர்களுக்குப் பெருமை. தென்மாநிலத் தோட்டக்காரர்களுக்கு அதில் இன்னொரு வசதியும் இருந்தது. ஏதென்ஸிலும் அடிமைகள் இருந்தார்களே, அடிமை முறைதான் உயர்ந்த நாகரிகத்துக்கு அடித்தளம் என்று அவர்களுடைய அரசியல்வாதிகள் வெளிப்படையாகவே வாதாடினார்கள். அந்த வெள்ளைத் தூண்களுக்குள் இந்த வாதமும் இருந்தது.

2. இத்தாலியப் பாணி. 1850களில் பரவியது. கூரை விளிம்பைத் தாங்கும் செதுக்கிய முட்டுக்கள், பக்கவாட்டில் பிதுங்கும் வளைந்த அறைகள், இருபுறமும் ஒன்றுபோல் இல்லாத அமைப்பு. நாட்டோவேயின் ஒரு பக்கத்தில் அரைவட்டமாகப் பிதுங்கிய பகுதி இதன் அடையாளம்.

அந்த அரைவட்டத்துக்குள்தான் வெள்ளை நடனக்கூடம். சுவர், தூண், வளைவு, தரை, எல்லாம் வெள்ளை. ரான்டால்ஃப் மகள்களின் திருமணங்கள் அங்கே நடந்தன.

வெயில் ஊருக்கான புத்தியும் வீட்டில் நிறைய உண்டு. 22 சதுரத் தூண்கள் தாங்கிய தாழ்வாரங்கள் சுவரின்மேல் நேர் வெயில் படாமல் பார்த்துக்கொண்டன. கூரை உயரம் 15 அடிக்கு மேல், கதவுகள் 11 அடி. சூடான காற்று தலைக்கு மேலே போய்விடும். ஜன்னல்கள் எதிரெதிரே இருந்ததால் ஆற்றுக் காற்று குறுக்கே ஓடும். நிலத்தடி நீரும் வெள்ளமும் உள்ள இடம் என்பதால் தரைக்குக் கீழே அறை தோண்ட முடியாது. அதனால் செங்கல்லால் ஒரு கீழ்த்தளம் எழுப்பி, அதன் மேல்தான் வாழும் தளத்தை வைத்தார்கள். வீட்டுக்குள்ளேயே குளியலறை, கூரைத்தொட்டியில் பிடித்த மழைநீரிலிருந்து குழாய்த் தண்ணீர், எரிவாயு விளக்கு, வேலைக்காரரை அழைக்க அறைக்கு அறை மணி என்று 1859ல் பணத்தால் வாங்க முடிந்த நவீன வசதி எல்லாம் இருந்தது.

முன்வாசலுக்கு வளைந்து ஏறும் படிக்கட்டுகள் இரண்டு. பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று என்று சொல்வார்கள். ஆண்கள் படியின் அடியில் பூட்ஸ் சேற்றைச் சுரண்டிவிட ஒரு இரும்புத் தகடு பதித்திருந்தது. பெண்கள் படி ஏறும்போது பாவாடை விலகிக் கணுக்கால் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடாம். ஒரு வர்க்கத்துப் பெண்ணின் கணுக்காலுக்கு இவ்வளவு மரியாதை தந்த அதே நிலத்தில், நூறு இருநூறு அடி பின்னால் வாழ்ந்த பெண்ணுக்குத் தன் குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ளக்கூட சட்டத்தில் உரிமை இல்லை. ஒரே வளாகத்தின் இரண்டு விதிகள் இவை. வீட்டை அழகுக்காக மட்டும் சுற்றிப் பார்த்தவர்கள் முதல் விதியைக் கேட்டு வியந்தார்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் சொல்லவில்லை.

## போருக்குப் பிறகு

வீடு முடிந்து இரண்டே வருடத்தில் போர். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களை எதிர்த்துப் போரிட்ட வடக்குப் படை 1862ல் நியூ ஆர்லியன்ஸைப் பிடித்து ஆற்றின் மேலே வரத் தொடங்கியது. ரான்டால்ஃப் வீட்டையும் எமிலியையும் விட்டுவிட்டு, சுமார் 200 அடிமைகளை டெக்சஸுக்கு ஓட்டிக்கொண்டு போய் அங்கே பருத்தி போட்டார். அன்று பல தோட்டக்காரர்கள் செய்த காரியம் இது. வடக்குப் படை வந்தால் அடிமைகள் விடுதலையாகிவிடுவார்கள். ஆகவே படை எட்டாத இடத்துக்குச் சொத்தைக் கடத்தினார்கள்.

அந்தப் பயணத்தின் விளைவை யோசித்துப் பாருங்கள். அமெரிக்க அதிபர் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1ல் வந்தது. டெக்சஸின் கால்வெஸ்டன் நகரில் அது படையின் ஆணையாக வாசிக்கப்பட்டது 1865 ஜூன் 19ல். இடையில் இரண்டரை வருடம். இன்று ஜூன்டீன்த் என்று அமெரிக்காவில் தேசிய விடுமுறையாகக் கொண்டாடும் நாள் அதுதான்.

வீட்டின் மீது வடக்குப் படைப் படகு ஒன்று சுட்டது என்றும், ஒரு குண்டு தூணில் பதிந்து நூறு வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தது என்றும் ஒரு கதை உண்டு. பார்வையாளர்களுக்குத் தவறாமல் சொல்லப்பட்ட கதை.

போர் முடிந்ததும் முன்பு அடிமைகளாக இருந்தவர்களில் 53 பேர் ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்துக்கு வேலைக்கு வந்தார்கள். சர்க்கரைத் தொழில் நொடித்தது. 1875 வாக்கில் தோட்டம் 800 ஏக்கராகச் சுருங்கியது. 1883ல் ரான்டால்ஃப் இறந்தார். 1889ல் எமிலி வீட்டை 50,000 டாலருக்கு விற்றார். அப்புறம் கை மாறிக் கை மாறி, 1980ல் பழுதுபார்த்துப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 1985ல் ஆஸ்திரேலிய மருத்துவமனைத் தொழிலதிபர் பால் ராம்சே வாங்கினார். அவர் காலத்தில் அது தங்கும் விடுதியாக, கல்யாண மாளிகையாகப் பெரிதாக வளர்ந்தது.

## அப்படியானால் கோபம் எதன் மேல்?

வெறுப்பு முழுக்கக் கட்டடத்தின் மேல் இல்லை. அது எப்படிப் பயன்பட்டது என்பதிலும் இருந்தது. இதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. தோட்ட வளாகம் என்பது ஒரு முழு அமைப்பு. நாட்டோவே வளாகத்தில் அடிமைக் குடில்கள் மட்டும் 42 இருந்தன. ரிவர் ரோட்டில் பெரும்பாலான இடங்களில் பெரிய வீடு நிற்கிறது, குடில்கள் போய்விட்டன. கண்ணுக்குத் தெரிவது முதலாளியின் பங்கு மட்டும் என்றால், வருகிறவர் கேட்டுப் போவதும் அவருடைய கதையாகத்தான் இருக்கும்.

2. அந்த இடைவெளியை வார்த்தையால் நிரப்பலாம். பல இடங்களில் நிரப்பவில்லை. நாட்டோவே விடுதியின் இணையதளம் வளாகத்து ஓக் மரங்களைப் பற்றி விவரமாகப் பேசியதையும், அங்கே அடிமைப்பட்டிருந்தவர்களைப் பற்றிப் பேசாததையும் தீக்குப் பிறகு ஊடகங்கள் எடுத்துக் காட்டின.

3. கல்யாணம் என்பது மகிழ்ச்சியின் உச்சம். அதைச் சவுக்கடி நடந்த மண்ணில் வைப்பது, அங்கே மூதாதையர் அடிமைப்பட்டிருந்தவர்களுக்கு எப்படி இருக்கும்? இந்தக் கேள்வி 2025ல் கிளம்பியதில்லை. 2019லேயே பின்ட்ரஸ்ட் உள்ளிட்ட தளங்கள் தோட்ட மாளிகைக் கல்யாணங்களை விளம்பரப்படுத்துவதைக் கட்டுப்படுத்தின. 2012ல் தென் கரோலைனாவின் பூன் ஹால் தோட்டத்தில் திருமணம் செய்துகொண்ட நடிகர் ரையன் ரெனால்ட்ஸ் 2020ல் அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

4. வலி பழையது மட்டும் இல்லை. கரும்புத் தோட்டங்களின் நீண்ட பெரிய பட்டைகளை 20ஆம் நூற்றாண்டில் பெட்ரோ கெமிக்கல் ஆலைகள் மொத்தமாக வாங்கின. பேட்டன் ரூஜுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் நடுவே அப்படி 150க்கும் மேற்பட்ட ஆலைகள். அந்தத் தோட்டங்களில் விடுதலையானவர்கள் உண்டாக்கிக்கொண்ட ஊர்களில் அவர்கள் வம்சத்தினர் இன்றும் வாழ்கிறார்கள், ஆலைப்புகைக்கு நடுவே. இந்தப் பகுதிக்குப் "புற்றுநோய்ச் சந்து" என்ற பெயரே உண்டு.

இத்தனையும் தெரிந்த ஒருவர் அந்த வீடு எரிவதைப் பார்த்து ஆறுதலடைந்தால் அதை என்னால் குறை சொல்ல முடியாது. ஆனாலும் வீடு போனதில் எனக்கு வருத்தமும் உண்டு. அதற்கு நடனக்கூடம் காரணமில்லை. அந்தச் சைப்ரஸ் பலகைகளும் செங்கற்களும் பெயர் தெரியாத அந்த மனிதர்கள் விட்டுப்போன ஒரே கைவேலை. முதலாளிக்கு வேறு ஆயிரம் சாட்சி உண்டு. இவர்களுக்கு இருந்த பெரிய சாட்சிகளில் ஒன்று எரிந்துவிட்டது.

வேறு விதமாகச் செய்ய முடியும் என்பதற்கு அதே ரிவர் ரோட்டில் உதாரணம் இருக்கிறது. வாலஸ் என்ற ஊரில் விட்னி தோட்டம் 2014 டிசம்பரில் முழுக்க முழுக்க அடிமைப்பட்டவர்களைப் பற்றிய அருங்காட்சியகமாகத் திறந்தது. வரலாற்றாளர் குவென்டலின் மிட்லோ ஹால் ஆவணங்களிலிருந்து தோண்டி எடுத்த, லூசியானாவில் அடிமைப்பட்டிருந்த 1 லட்சத்து 7 ஆயிரம் பேரின் பெயர்கள் அங்கே கருங்கல் பலகைகளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பெரிய வீடு அங்கேயும் உண்டு. பார்வையாளர்கள் அதற்கு வருவது சுற்றின் கடைசியில். 1811ல் அமெரிக்க வரலாற்றின் மிகப்பெரிய அடிமைக் கிளர்ச்சி தொடங்கிய லாப்ளாஸ் ஊரின் உட்லேண்ட் தோட்டத்தையோ, அடிமைப்பட்டவர்களின் வம்சத்தினரே நடத்தும் ஒரு அமைப்பு 2024ல் விலைக்கு வாங்கிவிட்டது.

## பாதுகாக்கப்பட்ட சின்னம் எப்படி எரியலாம்?

நாட்டோவே 1980ல் அமெரிக்காவின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் சேர்ந்தது. பதிவேட்டில் இருந்தால் அரசுப் பாதுகாப்பு உண்டு என்று நினைப்பது இயல்பு. உண்மை வேறு. அது ஒரு அங்கீகாரம்; சில வரிச்சலுகைகளுக்கு வழி செய்யும். தனியார் உரிமையாளர் தன் பணத்தில் கட்டடத்தை மாற்றினாலோ இடித்தாலோகூட அந்தப் பதிவு தடுக்காது. எரிந்தால் திரும்பக் கட்டு என்று கட்டாயப்படுத்தவும் செய்யாது.

இவ்வளவு வேகமாக எரிய, இந்த மாதிரிப் பழைய மரவீடுகளின் உடலமைப்பே போதும். பலகைக்கும் உட்பூச்சுக்கும் நடுவே உள்ள வெற்றிடம் தளத்துக்குத் தளம் புகைபோக்கிபோல் தீயை மேலே இழுக்கும். காற்றோட்டத்துக்காக வைத்த உயரமான கூடமும் திறந்த படிக்கட்டும் அதே வேலையைச் செய்யும். ஒரு நூற்றாண்டுக்கு மேல் காய்ந்த மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். தீ பரணை எட்டிவிட்டால் வெளியிலிருந்து அடிக்கும் தண்ணீர் கூரையில் பட்டு வழியுமே தவிர உள்ளே போகாது.

## எரியாதவை

ரான்டால்ஃப் குடும்பத்தின் காகிதங்கள் அந்த வீட்டில் இல்லை. அவை பேட்டன் ரூஜில், லூசியானா மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்பில் இருக்கின்றன. தேடுகிறவர்களுக்கு இனி அவைதான் முக்கியம். ஏனென்றால் 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் எடுத்தார்கள், அதில் அடிமைகளின் பெயருக்கு இடமே கிடையாது. உரிமையாளர் பெயருக்குக் கீழே ஒரு எண், வயது, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவுதான். ரான்டால்ஃப் பெயரின் கீழ் வரும் வரிகளும் அப்படித்தான்.

விடுதலையான பெரும்பாலானவர்களின் பெயர் முதன்முறையாக ஏறியது 1870 கணக்கெடுப்பில். லூசியானாவில் வேர் தேடும் கறுப்பினக் குடும்பங்கள் அந்த 1870 பக்கத்திலிருந்து கிளம்பி, வயதையும் ஊரையும் வைத்து 1860ன் பெயரில்லாத வரியோடு ஒப்பிட்டு, தோட்டக்காரர்களின் கணக்கேடுகளில் அந்த ஆளின் முதல் பெயர் எங்காவது வருகிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்க்கிறார்கள்.